பூசணிக்கு மஞ்சள் அடித்த தூரிகை

பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு தகர டப்பாவுக்குள் தூரிகையும் களைக்கொத்தியும் கிடந்தன. இரண்டையும் வைத்திருந்த கோமளவல்லி போன தை மாதம் இறந்துபோனார்.

"அம்மா ஓவியக்காரங்க," என்றது தூரிகை.

"தோட்டக்காரங்க. பூசணிக்கொடி என்னாலதான் வந்தது," என்றது களைக்கொத்தி.

"பூவுக்கெல்லாம் காலையில மஞ்சள் அடிச்சது யாரு? என்னை ஒரு பூவுல தொட்டு, இன்னொரு பூவுல தடவுவாங்க."

"பூசணிப்பூ பொறக்கும்போதே மஞ்சள்டா, கூமுட்டை! அதுக்குப் போய் யாராவது பெயின்ட் அடிப்பாங்களா?"



மகள் நித்யா மண்ணைக் கொத்தினாள், தண்ணீர் ஊற்றினாள். கொடி நிறையப் பூத்தது. ஆனால் பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்தது. அவ்வளவு உயரத்துக்குத் தேனீ வருவதில்லை.

"நான் ஒழுங்காத்தானே கொத்தினேன்," என்று களைக்கொத்தி முணுமுணுத்தது.

ஒருநாள் காலை கொடி முன்னால் நின்றபோது, அம்மா பூவுக்குள் தூரிகையை விட்டுக்கொண்டிருந்தது நித்யாவுக்கு நினைவு வந்தது. தூரிகையை எடுத்தாள். ஆண்பூவில் தொட்டு, பெண்பூவில் தடவினாள்.

அந்தப் பூவின் பிஞ்சு உதிரவில்லை. எலுமிச்சை அளவானது, தேங்காய் அளவானது, அப்புறமும் நிற்கவில்லை.

"பார்த்தியா?" என்றது தூரிகை. "அம்மா வரைஞ்ச மத்த படமெல்லாம் வரைஞ்ச அளவுலயே நிக்குது. இது மட்டும் வளந்துகிட்டே போகுது."

அது படம் இல்லை, தடவிய கையும் அம்மாவுடையது இல்லை என்று களைக்கொத்திக்குத் தெரியும்.

"ஆமா, நல்ல படம்," என்றது.