படத்தில் இல்லாத காட்சி

“நீ அந்தப் படத்தைப் பாக்கவே இல்லை. பிறகென்னெண்டு அதைப் பற்றிப் பேசப்போறாய்?”

சுஜிதன் இப்படிக் கேட்டதும் கஜனிக்கு முகம் கறுத்துவிட்டது.

வவுனியாவில் ஒன்றாகப் படிக்கிற நான்கு பேர் நிஹ்லா வீட்டு முன்னறையில் கூடியிருந்தார்கள். வியாழக்கிழமை அவர்களுடைய திரைப்பட வட்டத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம் காட்டப்போகிறார்கள். படத்துக்கு முன் ஐந்து நிமிடம் பேசக் கஜனியைப் போட்டிருந்தார்கள். மேடையில் பேச அவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது.

“உந்தப் பழசை விட்டிட்டு அதையே புதுசாய் எடுத்ததைப் போடுவம் மச்சான்” என்றான் சிறாஜ். “பழசில பேய் வரமுதல் எனக்கு நித்திரை வந்திட்டுது.”

“புதுசோ? அதில பேய்க்குப் பூசியிருக்கிற மாவைப் பாத்தனியோ? கலியாணப் பொம்பிளை அலங்காரம் தோத்துப்போகும்” என்றான் சுஜிதன். “அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா டமார் எண்டு சத்தம். பயம் இல்லை, காதுக்குள்ள குத்துத்தான் வரும். பழசில பேய் ஒருக்காலும் தெரியாது. வீட்டுக்கு மேல தட்டிக்கொண்டு திரியும். கீழ நிலவறைக்குள்ள தாய் ஒளிச்சு வைச்ச பிள்ளை தனிய இருக்கும். அவ்வளவுதான் படம். பதினொரு தரம் பாத்தனான்.”

“எங்களுக்கும் பதினொரு தரம் சொல்லிப்போட்டாய்” என்றாள் நிஹ்லா.

சுஜிதன் கஜனியின் பக்கம் திரும்பினான். “நீ எத்தினை தரம்?”

“எனக்கு முழுக்கதையும் தெரியும்.”

“கதை எல்லாருக்கும் தெரியும். கடைசிக் காட்சியைச் சொல்லு பாப்பம்.”

கஜனி யோசிக்கவே இல்லை. “விடியுது. தட்டுற சத்தம் நிக்குது. பிள்ளை தானாய்க் கதவைத் தள்ளிக்கொண்டு மேல வருது. தாய் வெளியில பாத்துக்கொண்டு நிக்கிறா.”

சுஜிதன் கைதட்டிச் சிரித்தான். “பிள்ளை வருதாம்! எந்தப் படத்திலயடி?”

“புதுசைப் பாத்திட்டு மாறிச் சொல்லுறா போல” என்றாள் நிஹ்லா.

“புதுசிலயும் இல்லை” என்றான் சிறாஜ். “அதில பிள்ளையே பேயாய் மாறி ரெண்டாம் பாகத்துக்கு ரெடியாகும்.”

சுஜிதன் மடிக்கணினியைத் திறந்து, பழைய படத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை ஓடவிட்டான்.

விடிந்தது. தட்டுகிற சத்தம் நின்றது. தாய் ஓடிவந்து நிலவறைக் கதவைத் திறந்தாள். உள்ளே அசைவில்லாமல் கிடந்த சின்னக் கை ஒன்று மட்டும் தெரிந்தது. தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். படம் முடிந்தது.

“எங்களை ஏமாத்திப் பேய்க்காட்டினது காணும்” என்றான் சுஜிதன். “பாக்காத படத்தைப் பாத்தனெண்டு சொல்லுறவையைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது.”

“பாத்தனெண்டு நான் சொல்லேல்லை. அம்மா பாத்தவா. அவாதான் எனக்குச் சொன்னவா.”

“அன்ரி சொன்ன கதையைக் கொண்டுவந்தோ மேடையில ஏறப்போறாய்? நல்ல ஆராய்ச்சி!”

சிறாஜ் வாய்க்குள் சிரித்தான். நிஹ்லா சிரிப்பை மறைக்கத் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

“அம்மா பொய் சொல்லமாட்டா” என்றாள் கஜனி.

“அப்ப போனை எடு. ஸ்பீக்கரில போடு. ஒண்டில் நீ புளுகி, இல்லாட்டி அன்ரி புளுகி. ஆரெண்டு பாத்திட்டு வியாழக்கிழமை நீ பேசுறதோ நான் பேசுறதோ எண்டு முடிவெடுப்பம்.”

கஜனி ஜெயபுரத்தில் இருக்கிற அம்மாவுக்கு அழைப்பெடுத்து, கைபேசியை மேசையில் வைத்தாள்.

“என்ன பிள்ளை, இந்த நேரத்தில? நான் தோட்டத்தில கச்சான் கடலை பிடுங்கிக்கொண்டு நிக்கிறன்.”

“அம்மா, சின்னனில எனக்கொரு பேய்ப்படம் சொன்னனீங்களெல்லோ? நிலவறைக்குள்ள பிள்ளை இருக்கிறது.”

“ஓமோம். கலியாணத்துக்கு முதல் பாத்தது. ஜெனரேட்டர் பூட்டி வீடியோ டெக்கில போட்டவங்கள்.”

“கடைசியில பிள்ளை வெளியில வருமெல்லோ?”

“இல்லைப் பிள்ளை. அது உள்ளுக்கையே செத்துப்போகும்.”

சுஜிதனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கைபேசிக்குக் கிட்டக் குனிந்து சொன்னான்: “அன்ரி, அப்ப இந்தப் படத்தை முதன்முதல் மாத்தி எடுத்த ஆள் நீங்கள்தான்!”

“ஆர் தம்பி அது?”

கஜனியின் குரல் உடைந்தது. “எனக்கேனம்மா பொய் சொன்னனீங்கள்? எல்லாரும் சிரிக்கினம்.”



“பொய்தான் பிள்ளை. கடைசி யுத்த நேரம் மாத்தளனில பங்கருக்குள்ள வைச்செல்லோ சொன்னனான். உனக்கு ஆறு வயசு. பக்கத்துக் கொட்டில் பிள்ளையளோட எட்டுப் பேர் இருந்தனீங்கள். மேல செல் விழுந்து வெடிக்க வெடிக்க, வெளியில ஓடப் பாத்தனீங்கள். பேய் தட்டுது, அசையக்கூடாது எண்டு சொல்லித்தான் உங்களை இருத்தி வைச்சனான்.”

சுஜிதன் மடிக்கணினியை மூடினான்.

“பேய் எண்டு சொல்லலாம் பிள்ளை. ஆனா, உள்ளுக்க இருந்த பிள்ளை கடைசிவரைக்கும் வெளியில வரேல்லை எண்டு, உள்ளுக்க இருக்கிற பிள்ளையளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?”