சூளைக் காவல்

கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. படுகையில் குடியிருந்த எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள், செங்கல் சூளைக்குக் காவல் இருந்த சவரியம்மாளைத் தவிர. ஊராட்சித் தலைவர் கவிப்ரியா மூன்றாவது தடவையாக முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தாள்.

“கிளம்புங்கக்கா. உங்க ஒருத்தருக்காக டிராக்டர் கரையில நிக்குது.”

“நான் வரமாட்டேன்!” ஊருக்கே கேட்கும்படி கத்தினாள் சவரியம்மாள்.

“வெந்த கல்லை வெள்ளமா தூக்கிட்டுப் போகப்போகுது? உசிரு போனா வருமா?”

“போனாப் போகட்டும். என்னைக் கிளப்ப நீங்க யாரு?”

கவிப்ரியாவுக்குத் தலை வெடித்தது. “கலெக்டர் உத்தரவுக்கா. வராதவங்களைத் தூக்கிட்டுப் போகவும் எனக்கு அதிகாரம் இருக்கு. வயசுக்கு மரியாதை குடுத்துக் கெஞ்சிட்டிருக்கேன்.”

“அதிகாரம் இருக்குன்னு வாயால சொன்னா ஆச்சா?”

‘எப்படியோ போ’ என்று கவிப்ரியா திரும்பினாள். சண்டைக்கு வருகிறவள்போல் சவரியம்மாள் குறுக்கே வந்து நின்றாள். குரல் மட்டும் தாழ்ந்து நடுங்கியது.

“போயிடாதீங்கம்மா, எனக்கும் பயமா இருக்கு. முதலாளி கேமராவுல பாத்துட்டிருக்காரு. நானா வந்தா வேலை போயிடும். நீங்க இழுத்துட்டுப் போனா பழி சர்க்கார் மேல. கையைப் பிடிச்சு நல்லா இழுங்க.”

கவிப்ரியா பிடித்து இழுத்தாள்.

“ஐயோ, அநியாயமா இழுக்கறாங்களே!” என்று அலறிக்கொண்டே, அவளையும் முந்திக்கொண்டு கரையை நோக்கி விரைந்தாள் சவரியம்மாள்.