ஊரப்பாக்கம் வரை

"அந்த மாத்திரையெல்லாம் நாங்க வெக்கிறதில்லம்மா. வேற எங்கனா போய்ப் பாரு."

சொல்லிவிட்டுக் கடைக்காரர் ஜான்சியின் கழுத்தைப் பார்த்தார். அவளும் தன்னையறியாமல் துப்பட்டாவை விலக்கி, தாலிச் சங்கிலியை எடுத்து வெளியே விட்டாள்.

"ஓ, கல்யாணம் ஆயிடுச்சா? அப்போ உன் வூட்டுக்காரர வரச் சொல்லு. அவரு கேட்டா குடுக்கிறேன்."

"இல்லைன்னு சொன்னீங்களே சார்?"

கடைக்காரர் அடுத்த ஆளிடம் திரும்பினார். "உங்களுக்கு என்ன சார்? சுகர் மாத்திரையா?"

மேற்குத் தாம்பரத்தில் இது மூன்றாவது கடை. முதல் கடையில் தலையை மட்டும் ஆட்டினார்கள். இரண்டாவது கடையில் ஒரு பெண் இருந்தாள். ஜான்சி கிசுகிசுத்ததைக் கேட்டுக்கொண்டு, "அண்ணா, அவசரத்துக்குப் போடுவாங்களே, கர்ப்பம் நிக்காம இருக்க, அது நம்மகிட்ட இருக்கா?" என்று உள்ளே பார்த்துக் கூவினாள். வாசலில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்க ஜான்சி அங்கே நிற்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு பேபி அக்காவிடம் விட்டுவிட்டு, ஆதார் மையத்துக்குப் போவதாகச் சொல்லி வந்திருந்தாள். மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரி நடந்தது. இன்று திங்கள். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று போனில் படித்திருந்தாள். நேற்று முழுவதும் அந்தப் போனைத்தான் நோண்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து தருகிற ஒரு ஆப்பில், 'உங்கள் பகுதியில் இந்தப் பொருள் கிடைக்காது' என்று வந்தது. இன்னொன்றில் கிடைத்தது. ஆனால் பார்சல் வந்தால் முதலில் கணவன் டேனியல் கண்ணில்தான் படும். ஆர்டரை ரத்து செய்துவிட்டாள்.

டேனியலிடம் கேட்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், சர்ச்சுக்குக் கிளம்புகிற அவசரத்தில் கேட்டாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க. பாப்பாவுக்கு எட்டு மாசம்தான் ஆகுது. ரெண்டாவதும் ஆபரேஷன். ரெண்டு வருஷத்துக்கு அடுத்த கொழந்தையப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னு டாக்டரம்மா எவ்வளவு கண்டிச்சுச் சொன்னாங்க? ஒரு மாத்திரை..."

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நீயே மனசைப் போட்டுக் கொழப்பிக்காதே." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தான். "அப்படியே நின்னாலும் என்ன, இந்த வாட்டி பையனா இருக்கட்டுமே."

சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். பக்கத்தில் மாமியார். முன்வரிசையில் நாத்தனார். அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்திருந்தும், யாரிடம் சொல்வது என்று ஒரு முகத்தைக்கூட அவளால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தாள். "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி நின்றிருந்தது. அவளைத் தெரிந்தவர்கள் இல்லாத ஊராக இருக்கட்டும் என்று ஏறி உட்கார்ந்தாள். பெருங்களத்தூர் போயிற்று. வண்டலூரும் போயிற்று. ஊரப்பாக்கத்தில் இறங்கியபோது, பால் கட்டி மார்பு வலிக்க ஆரம்பித்திருந்தது.

ஸ்டேஷனிலிருந்து ஜிஎஸ்டி ரோடு போகும் வழியில் ஒரு சின்னக் கடை. கல்லாவில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண். கோட்டில் ப்ரியா என்று பெயர் தைத்திருந்தது.

ஜான்சி முடிப்பதற்குள் அவள் தலையசைத்தாள். கழுத்தைப் பார்க்கவில்லை.

"எப்போ நடந்தது?"

"சனிக்கிழமை ராத்திரி."

"டைம் இருக்கு, பயப்படாதீங்க. கொழந்தைக்குப் பால் குடுக்கிறீங்களா?"

"ஆமா."

"பரவால்ல, குடுக்கலாம். ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா மட்டும் இன்னொண்ணு போடணும். மாசம் தள்ளிப்போச்சுன்னா டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்க. இங்கேயே போட்டுக்கிறீங்களா?"

ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். ஜான்சி மாத்திரையை விழுங்கினாள். இரண்டு நாளாக யாரும் தன்னிடம் இத்தனை வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண் நிறைந்துவிட்டது. ப்ரியா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. எங்கேருந்து வரீங்க?"

"முடிச்சூர்."

"அவ்ளோ தூரத்துலேருந்தா? தப்பா நெனைக்காதீங்க, உங்க வீட்டுப் பக்கத்துல மெடிக்கல் ஷாப்பே இல்லையா?"

ஜான்சி துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கு மேடம். நாங்க மாடி, கீழேயே மெடிக்கல்தான். யாரு வந்து கேட்டாலும், ஒரு கேள்வி கேக்காம இதே மாத்திரையை எடுத்துக் குடுப்பாரு அந்தக் கடைக்காரரு."

"அப்புறம் ஏன் இவ்ளோ தூரம் அலைஞ்சீங்க?"

"அவருதான் மேடம் என் வீட்டுக்காரர்."