ஆர்லோவின் சிபாரிசு

"வெர்னா ரொம்ப மோசம். முதல்ல அதை எழுதுங்க" என்றார் ஆர்லோ.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மார்ஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள நான்கு ஆண்கள் வசிக்கும் அந்த ஒஹாயோ மாநில வீட்டுக்கு மார்ஜ்தான் மேலாளர். நால்வரில் மூத்தவர் ஆர்லோ, வயது ஐம்பத்திரண்டு. வெர்னா அங்கே பதினோரு வருடமாக அவர்களுக்குத் துணையாக வேலை பார்ப்பவள்.

இந்தத் துறையிலேயே மேலே படிக்க ஆசைப்படும் ஊழியர் ஒருவருக்கு, இப்படிப்பட்ட இல்லங்களின் மாநிலச் சங்கம் வருடந்தோறும் உதவித்தொகை தருகிறது. ஜெயித்தவர் தலைநகர் கொலம்பஸுக்குப் போய் இரண்டு வருடம் தங்கிப் படிக்கலாம். ஆனால் அந்த ஊழியர் யாருக்குத் துணையாக இருக்கிறாரோ, அவரே வாயால் சொன்ன சிபாரிசுக் கடிதம் வேண்டும். சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

வெர்னாவுக்கு இது மூன்றாவது முயற்சி. வயது நாற்பத்து நான்கு. இந்த முறையும் கைநழுவினால் படிப்பு ஆசையையே மூட்டை கட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அதே வீட்டில் வேலை பார்க்கும் கெல்சியும் விண்ணப்பித்திருந்தாள். இருபத்து நான்கு வயது, வாயைத் திறந்தால் தேன்தான். இரண்டு பேருக்கும் நானே கடிதம் சொல்கிறேன் என்று வலிய வந்தவர் ஆர்லோ.

"ஆர்லோ, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்களேன். வெர்னா பாவம் இல்லையா?"

"நாலு நாளா யோசிச்சாச்சு. நீங்க டைப் அடிங்க. என் துணியை என்னையே துவைக்கச் சொல்றா. தட்டுல இருக்கற கறியை நறுக்கித் தர மாட்டா. கத்தியைக் குடுத்துட்டு சும்மா உக்காந்திருப்பா."

மார்ஜ் மனமில்லாமல் தட்டினார்.

"ஒருநாள் தப்பான பஸ்ல ஏறிட்டேன். பக்கத்துலயே நின்னா, தடுக்கல. கூடவே ஏறிக் கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்தா. திரும்பி வர்ற பஸ்ஸை நானேதான் நாலு பேர்கிட்ட கேட்டுக் கண்டுபிடிச்சேன். அவ பாட்டுக்கு ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துட்டு வர்றா!"

"போதுமே ஆர்லோ."

"இன்னும் இருக்கு. சீட்டாட்டத்துல விட்டுக் குடுக்கவே மாட்டா. ஏதாவது கேட்டான்னா, நான் பதில் சொல்ற வரைக்கும் நகர மாட்டா. அரைமணி ஆனாலும் சரி. இவளுக்கு எதுவும் குடுக்காதீங்க. முற்றுப்புள்ளி."

இது சிபாரிசா, சாபமா? நடுவில் நல்லதாக நாலு வார்த்தை சேர்க்க மார்ஜுக்குக் கை துறுதுறுத்தது. விதி கையைக் கட்டிப் போட்டிருந்தது.

அடுத்த கடிதத்துக்கு ஆர்லோவின் குரலே மாறிவிட்டது. "கெல்சி தங்கம். என் ஷூ லேசை அவளே கட்டிவிடுவா. என் படுக்கையை அவளே மடிப்பா. டாக்டர் என்னைக் கேள்வி கேட்டா அவளே பதில் சொல்லிடுவா. நான் வாயைத் திறக்கவே வேண்டாம். லட்சத்துல ஒருத்தி. கட்டாயம் அவளுக்கே குடுங்க."

"அவ்வளவுதானா?"

"கட்டாயம்னு இன்னொரு தடவை போடுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஜெயிச்சவங்க எப்போ கிளம்பணும்?" என்று கேட்டார்.

"ஆகஸ்ட்ல."

சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

அன்று மாலை, "எனக்கு ஆர்லோ என்ன சொன்னாரு?" என்று வெர்னா ஆவலாகக் கேட்டாள். "மனசுல பட்டதைச் சொன்னாரு" என்று முணுமுணுத்துவிட்டு, மார்ஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் நழுவினார்.

மே மாதம், சங்கத்தின் மதிய விருந்து. பொரித்த கோழியைத் தின்று முடித்த கூட்டத்தின் முன் சங்கத் தலைவி ஒரு தாளோடு எழுந்து நின்றார்.

"நாற்பது கடிதம் வந்துது. முப்பத்தொன்பதுல தங்கம், தேவதை, லட்சத்துல ஒருத்தி! ஒண்ணுல மட்டும் முழுக்க முழுக்கப் புகார். அதை அப்படியே படிக்கிறேன்."

துணி, கத்தி, பஸ், சீட்டாட்டம் எல்லாம் வரிசையாக வந்தன. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. வெர்னா காதுவரை சிவந்துபோய்க் குனிந்துகொண்டாள். மார்ஜுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"சிரிக்காதீங்க" என்றார் தலைவி. "இவர் துணி துவைக்கிறாரு. கறி நறுக்குறாரு. வழி கேட்டு வீடு வந்து சேர்றாரு. இவர் பேசி முடிக்கிற வரைக்கும் ஒருத்தி காத்துட்டு இருக்கா. நாம எல்லாரும் இந்த வேலைக்கு வந்ததே இதுக்குத்தானே! உதவித்தொகை வெர்னாவுக்கு."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. வெர்னா ஓடிவந்து ஆர்லோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் உங்களாலதான் ஆர்லோ! ஆகஸ்ட்ல நான் கிளம்பறேன்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஆர்லோவின் கண்களிலும் பொலபொலவென்று நீர் வழிந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று யாரோ போட்டோ எடுத்தார்கள்.

கெல்சி நல்ல பெண். தோற்ற வருத்தத்தை ஒரு நொடியில் விழுங்கிவிட்டு, கைக்குட்டையோடு வந்து ஆர்லோவின் முகத்தைத் துடைத்தாள். "அழாதே கண்ணு. நான் எங்கேயும் போகல. இனிமே உன் வேலை எல்லாத்தையும் நான் ஒருத்தியே பாத்துக்கறேன்."

ஆர்லோ கைக்குட்டையைத் தள்ளிவிட்டு மார்ஜின் கையை இறுகப் பற்றினார்.

"போகவேண்டியவளைப் பத்தித்தானே மார்ஜ், நான் நல்லதாச் சொன்னேன்!"