மாவுக்கட்டு

"இந்த மாசத்தோட அவன் வீட்டைக் காலி பண்ணியாகணும்!"

கிழக்கேகோட்டைக்குப் போய்த் திரும்பிய ஜெயலக்ஷ்மி வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடத்தில் அவள் கணவர் ராமசுப்ரமணியன், வலது கையில் மாவுக்கட்டோடு கத்திக்கொண்டிருந்தார்.

"ஐயோ, என்னன்னா இது? காத்துல விழுந்துட்டேளா?"

"காத்து எங்கேடி தள்ளித்து? மாடி வீட்டு லிங்கராஜ்! தூங்கிண்டிருந்தவனைச் சட்டையைப் பிடிச்சு இழுத்துண்டு போய் ஸ்டோர் ரூமுக்குள்ள தள்ளினான். காத்து வந்த சுருக்குல போயிடுத்து. என் கை ஒடிஞ்சதுதான் மிச்சம்!"

கரமனையில் மத்தியானம் அடித்த சுழல்காற்றில் பஸ் பாதியில் நின்று, மிச்ச தூரத்தை நடந்தே வந்திருந்தாள் ஜெயலக்ஷ்மி. வழியெல்லாம் முறிந்த மரமும் நொறுங்கிய ஓடும்தான். அதிலும் தப்பித்த வீட்டில் இப்படி ஒரு கூத்தா?

எரிச்சல் தலைக்கேறியது. இருதய ஆபரேஷன் முடிந்து இன்னும் சரியாகத் தேறாத மனுஷர்.

லிங்கராஜ் துடைப்பத்தோடு வந்தான். மாடியில் குடியிருக்கும் நாகர்கோவில்காரன்.

"ஏம்ப்பா, எழுப்பிக் கூப்பிட்டா வரமாட்டாரா? பிடிச்சா தள்ளுவா?"

"தப்புதான் மாமி."

"மொட்டைமாடில துணி எடுக்கப் போனானாம். கடைக் கூரையெல்லாம் சுத்திச் சுத்திப் பறக்கறதைப் பார்த்தானாம். அவன் பயந்தா, என் கையை ஒடிக்கணுமா?" என்றார் ராமசுப்ரமணியன். "அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போனான். திரும்பி வந்தா, பெட்ரூமுக்குள்ள போகப்படாதாம். கண்ணாடி சிதறிக் கிடக்காம். என் வீட்டுல எனக்கே உத்தரவு!"

"சித்த கத்தாம இருங்கோளேன்!" ஜெயலக்ஷ்மிக்கு இருவர் மேலும் அலுப்பு வந்தது. "தலையணை எடுத்துண்டு வரேன். கையைத் தூக்கி வெச்சுக்கலாம்."

லிங்கராஜ் அவசரமாகக் குறுக்கே வந்தான். "மாமி, நான் பெருக்கிட்டுச் சொல்லுதேன்."

"நீ பண்ணினது போதும். நகரு!"

கதவைத் தள்ளித் திறந்தாள்.

ஜன்னல் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. எங்கிருந்தோ பறந்து வந்த கூரைத் தகரம் ஒன்று, கட்டிலின் தலைமாட்டில் மெத்தையைக் கிழித்துக்கொண்டு செருகி நின்றது. தலையணை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

ஜெயலக்ஷ்மி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே வந்த லிங்கராஜ் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

"இதை ஏம்ப்பா அவர்கிட்ட சொல்லலை? இத்தனை பேச்சையும் கேட்டுண்டு…"

"என்னடி, தலையணை எடுத்தியா இல்லையா?" கூடத்திலிருந்து குரல் வந்தது.

லிங்கராஜ் மெதுவாகச் சொன்னான்:

"ஆபரேசன் பண்ணுன நெஞ்சு மாமி. இதப் பாத்தா தாங்குமா? கை ஒடிஞ்சதுக்கு என்னை ஏசிட்டே இருக்கட்டும்."