திரைக்குப் பின்னே ஒரு மூக்குறிஞ்சல்

இசைப் பட்டப்படிப்பின் கடைசி செல்லோ வாத்தியத் தேர்வு. மாணவர்களில் என் மகள் டில்லியும் ஒருத்தி என்பதால், நடுவர்களான எங்கள் முன்னால் திரை கட்டியிருந்தார்கள்.

முதல் ஆள் பிரமாதம். முழு மதிப்பெண் போட்டேன்.

இரண்டாவது ஆள் வில்லைத் தந்தியில் வைக்குமுன் மூக்கை உறிஞ்சியது கேட்டது. டில்லியேதான். இந்தப் பழக்கத்துக்காக வீட்டில் எவ்வளவு திட்டியிருக்கிறேன். நாளைக்கு யாரும் மகளுக்குச் சலுகை காட்டியதாகப் பேசிவிடக் கூடாதே என்று, நன்றாக வாசித்தும் மதிப்பெண்ணைப் பாதியாக வெட்டினேன்.

மூன்றாவது ஆளும் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"என்ன இது, மார்கிட்?" பக்கத்து நடுவரிடம் கிசுகிசுத்தேன்.

"உங்ககிட்ட படிக்கிற பசங்க எல்லாருமே இப்படித்தான், ரோரி. நீங்க உறிஞ்சறதப் பாத்துக் கத்துக்கிட்டது."

திருத்த வழியில்லை; போட்ட மதிப்பெண்களை அலுவலர்கள் அப்போதே வாங்கிப் போய்விட்டிருந்தார்கள்.

வெளியே டில்லி ஓடி வந்தாள். "அப்பா, நான்தான் மொதல்ல வாசிச்சேன். நீ திட்டினதுல உறிஞ்சறதையே விட்டுட்டேன், கவனிச்சியா?"