மல்லாந்து மிதப்பவள்

உள்ளரங்க நீச்சல் குளத்தைச் சோதிக்க வந்த பொறியாளர் ஜெசிந்தா, ஏணியில் ஏறி அலங்காரக் கூரைக்கு மேலே தலையை நீட்டினாள். அந்தக் கூரையின் கனத்த சிமென்ட் பலகைகளைத் தொங்கவிட்டுத் தாங்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் டார்ச் வெளிச்சத்தில் பளபளத்தன. ஒன்றைத் தொட்டதும் இரண்டாக விலகியது. அடுத்ததும் அப்படித்தான். பல வருடங்களாகப் பாரம் இழுத்துக்கொண்டிருந்த அந்தக் கம்பிகளைக் குளத்தின் குளோரின் ஆவி உள்ளுக்குள்ளேயே மயிரிழை மயிரிழையாகப் பிளந்திருந்தது. “துரு இருக்கா மேடம்?” என்று கீழிருந்து மேலாளர் கருணாகரன் கேட்டார். “இல்ல சார். குளத்துல இருக்கிற பிள்ளைங்கள உடனே வெளிய வரச் சொல்லுங்க.” “துருவே இல்லேங்கிறீங்க, அப்புறம் என்ன? போட்டிக்குப் பயிற்சி நடக்குது, முடியட்டுமே.” அவள் விறுவிறுவென ஏணியிலிருந்து இறங்கினாள். கத்தினால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள் என்று, கைதட்டிச் சிரித்த முகத்தோடு, “எல்லாரும் மேல வாங்க, ஐஸ்கிரீம் வந்திருக்கு” என்றாள். பிள்ளைகள் முண்டியடித்துக் கரையேறி வாசலுக்கு ஓடினார்கள். தலைக்கு மேலே கம்பி ஒன்று அறுந்து சுண்டியதுபோல் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. குளத்தின் நடுவே ஒரு சிறுமி மட்டும், காதுகள் தண்ணீருக்குள் இருக்க, மல்லாந்து மிதந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா செருப்புக் காலோடு தண்ணீரில் குதித்தாள்.